இரண்டாவது கோடு

கைப்பேசி அளவே இருந்த, ரேடியோ அலைகளை அளக்கும் கருவியின் திரையில் இரண்டு கோடுகள் நின்றன.

நெட்டையாக நிற்பது என் கணவர் ஜெயராஜ் பேசுகிற அலை. அதற்கு வலப்பக்கம், சரியாக இரண்டு மடங்கு அலைவரிசையில், குட்டையாக ஒன்று. அது அங்கே நிற்கக் கூடாது; நின்றால் அவர் பேச்சு மற்றவர்களின் பாட்டு ரேடியோக்களிலும் புகுந்துவிடும்.

"ரேச்சல், சின்னது இருக்கா?"

"இருக்கு."

திரை அவருக்கும் தெரிகிற இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் என்னைக் கேட்டார். இந்த மேல்மாடி அறைக்கு அவர் என்னைக் கூப்பிட்டதே இன்றைக்குத்தான்.

காலையில் பக்கத்து வீட்டு சுசீலா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கிளேபாங் கடற்கரைச் சாலையில் வடைக் கடை வைத்திருப்பவள். போன வாரம்தான் புது ரேடியோ வாங்கியிருந்தாள்.

"பாட்டு ஓடுதுக்கா, நடுவுல அண்ணன் வந்துடறாரு. மார்வினைப் பத்திப் பேசறாரு. அண்ணன் அங்க அழுவுறாரு, நான் இங்க வடை சுட்டுக்கிட்டு நிக்கிறேன். ஒரு மாதிரி இருக்குலா."

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் பின்னால் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் கணவர், "இன்னைக்கே சரி பண்ணிடறேம்மா" என்றார். தண்ணீர் சட்டியை நிறைத்து அவர் காலில் வழிந்துகொண்டிருந்தது.

மார்வின் எங்கள் ஒரே மகன். ஜாசின் சாலையில் அவனுடைய மோட்டார் சைக்கிள் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்கு அடியில் போனதிலிருந்து, இந்த வீட்டுக்குள் நாங்கள் அவன் பெயரைச் சொன்னதில்லை. ஆண்டுப் பூசையில் ஃபாதர் அந்தப் பெயரை வாசிக்கும்போது இருவரும் சேர்ந்தாற்போலத் தலை குனிவோம். வீட்டுக்கு வந்ததும், கேஸ் தீர்ந்துவிட்டது, மழை வருகிறது, இப்படி ஏதாவது பேசுவோம்.

ஆனால் மாலையானால் அவர் மாடிக்குப் போவார். ஜாசினில் இருக்கும் சிநேகிதர் காந்தனை, உரிமம் வாங்கி வைத்திருக்கும் தன் ஹாம் ரேடியோவில் கூப்பிடுவார். கொஞ்ச நேரத்தில் கீழே சமையலறை ரேடியோவில், பாட்டை அமுக்கிக்கொண்டு, அவர் குரல் வரும்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அவர் வாங்கி வந்து வைத்த ரேடியோ அது. நான் கேட்கவில்லை. அவரே முள்ளை ஓரிடத்தில் நிறுத்தி, "இதைத் திருப்பாதே. இங்கதான் தெளிவா எடுக்கும்" என்றார்.

காந்தன் சொல்கிற பதில் எனக்குக் கேட்காது. இவர் பேசுவது மட்டும் வரும்.

"அவன் துண்டை வாரா வாரம் துவைக்கிற கூடையில போடறது நான்தான் காந்தா. ரேச்சல் ஒன்னும் கேக்காம துவைச்சுக் காயப்போடுவா. அது கொடியில ஆடறதைப் பாத்துட்டுப் போயிடுவேன்."

அன்று அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் நின்றேன். அந்தத் துண்டு எப்படிக் கூடைக்கு வருகிறது என்று நானும் யாரையும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு சத்தத்தைக் குறைத்து, ரேடியோமேல் காதை வைத்துக் கேட்கப் பழகினேன். நான் கேட்பது அவருக்குத் தெரிந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று பயம்.

திரையில் நிற்கும் அந்தக் குட்டைக் கோடு வழியாகத்தான் என் பிள்ளை எனக்கு வந்துகொண்டிருந்தான். அதைத்தான் இப்போது அழிக்கப் போகிறோம்.

அவர் கேட்டபோது 'இல்லை' என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாம். சுசீலாவின் குனிந்த முகம் நினைவுக்கு வந்தது.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து துணியில் சுற்றிய ஒரு சிறிய அலுமினியப் பெட்டியை எடுத்தார்.

"ஃபில்டர். இதைப் போட்டா வேண்டாத அலை வெளியே போகாது."

துணியைப் பிரித்தார். பெட்டியின் மேல் பாதி உரிந்த ஒரு மீன் ஸ்டிக்கர்.

மார்வின் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது ஒட்டியது. பல வருடங்கள் அந்தப் பெட்டி ரேடியோவின் பின்னால் ஒயரோடு இருந்தது. சனிக்கிழமைகளில் இவர் இல்லாத நேரம் இந்த அறையைத் துடைக்க வரும்போது, மீன் கிழிந்துவிடாமல் சுற்றித் துடைப்பேன். அவன் போன பிறகு நான் இங்கே வரவில்லை.

"இது பின்னாடிதானே இருந்துச்சு? எப்பக் கழட்டினீங்க?"

அவர் குனிந்து, ஒயரின் முனையை ஃபில்டரில் வைத்துத் திருகினார். மரை பிடிக்காமல் நழுவியது. மறுபடி வைத்தார்.

இருபது வருடமாக ஒரு வீட்டிலிருந்தும் புகார் வராமல் ரேடியோ வைத்திருந்த மனிதர்.

சமையலறை ரேடியோவின் முள்ளை நிறுத்திவிட்டு அவர் சொன்னது: இங்கதான் தெளிவா எடுக்கும்.

நான் கேட்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

"இப்பப் பாரு" என்று மைக்கின் பொத்தானை அழுத்தினார். "ஒன்னு, ரெண்டு, மூனு."

நெட்டைக் கோடு மட்டும் தனியாக நின்றது.

"போயிடுச்சு" என்றேன்.

அவர் தலையசைத்தார். ஆனால் பொத்தானை விடவில்லை. மைக் வாயருகிலேயே இருந்தது. வேறெப்படிப் பேசுவது என்று தெரியாதவர்போல் உட்கார்ந்திருந்தார்.

சோதனைக்காக ஆண்டெனாவைக் கழற்றி வைத்திருந்தார். என்ன பேசினாலும் இந்த அறையைத் தாண்டாது.

மார்வின் உட்காருகிற முக்காலி மேசைக்கு அடியில் கிடந்தது. அதை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"மார்வின் துண்டு நைஞ்சு போச்சுங்க. இந்த வாரம் கூடையில போடாதீங்க."

அவருடைய விரல் பொத்தானை விட்டது. திரையில் நெட்டைக் கோடும் விழுந்தது.