புழு இல்லை

மறதி நோய்க்காக ரொசாரியோவின் தலையில் பொருத்தியிருந்த நினைவுச் சில்லு, காலையில் திடீரென்று வீட்டுப் போனில் எச்சரித்தது. உள்ளே கணினிப் புழு புகுந்துவிட்டது, ஒரே கோப்பு ஆயிரக்கணக்கில் பெருகுகிறது, அழிக்கலாமா என்று கேட்டது. பயந்துபோன அவர் மனைவி பிலோமினா 'சரி' என்று அழுத்திவிட்டாள்.

பிறகுதான் சில்லு பழுதுபார்க்கும் தமயந்தி வந்து சோதித்தாள்.

"நிஜப் புழுன்னா வீட்டுல இருக்குற போனுக்கும் டிவிக்கும் தாவியிருக்கும்க்கா. இது எங்கேயும் போகல. அண்ணன் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப நினைச்சிருக்காரு. நினைக்குறப்பல்லாம் சில்லு ஒரு நகல் எடுத்து வச்சிருக்கு. அதைத்தான் புழுன்னு நினைச்சிடுச்சு."

"என்னத்த நினைச்சாரு?"

"கடலுக்குப் போன உங்க மகனை."

பிலோமினா அவள் கிட்டே வந்தாள். "திரும்பக் கொண்டுவர முடியாதா?"

"முடியாதுக்கா. அசலும் சேர்ந்து போயிடுச்சு."

மதியம் ரொசாரியோ வெகுநாளைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டார். சுவரில் மாலை போட்டிருந்த மகன் ஜெரினின் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு பிலோ இந்தப் பையன்? என்ன அழகாச் சிரிக்கிறான்."

"தெரிஞ்ச பையன்தாங்க," என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.