பஷீர் அகமதுவின் மூச்சு

"ஊத முடியாது தங்கச்சி. புள்ளயத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ."

தனக்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிவாசல் படியில் குழந்தையோடு நிற்கும் தாயை, ஓதி ஊதாமல் திருப்பி அனுப்பியதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. காரைக்காலில் அவளையும் அம்மா இப்படித்தான் தூக்கிக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். தொழுதுவிட்டு வருகிறவர்கள், யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பார்க்காமல், முகத்தில் ஊதிவிட்டுத்தான் செருப்பையே தேடுவார்கள். கப்பலேறி சைகோனுக்கு வந்தவர்கள் அந்த வழக்கத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

"அண்ணே, நான் ஒண்ணும் பெருசாக் கேக்கலியே. ஒரே ஒரு மூச்சு."

பஷீர் அகமது இரண்டடி பின்னால் போனார். கத்தினா வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் பெரிய மனிதர். துண்டால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டியிருந்தார். உள்ளே எல்லோரோடும் நின்று தொழாமல், வெளியே மரத்தடியில் தனிப்பாய் விரித்துத் தொழுததையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சுங்கக் காவல்காரன் பெண்டாட்டி என்றால் காற்றுக்கூடப் படக் கூடாதோ?

வேறு சமயமாக இருந்தால், போய்யா நீயும் உன் மூச்சும் என்று திரும்பியிருப்பாள். ஆனால் அது 1918-ஆம் வருஷத்து மழைக்காலம். விஷக்காய்ச்சல் ஊரையே சுருட்டிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் சுப்புராமன் படுத்த படுக்கையாகி, இப்போதுதான் பிழைத்திருந்தான். அவன் விழுந்ததிலிருந்து அவள் வாசல்படி தாண்டவில்லை. கைக்குழந்தைக்கும் அது வந்துவிடக் கூடாதே என்று இன்றைக்குத்தான் வெளியே வந்தாள்.

பஷீர் அகமதுவைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. இதே காய்ச்சலில், இனித் தேறமாட்டார் என்று வீட்டார் கைவிட்ட பிறகு எழுந்து உட்கார்ந்தவர் அவர். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதை கதையாகச் சொன்னாள். சாவையே விரட்டிய மூச்சு. பிள்ளைக்கு அதைவிடப் பெரிய காப்பு வேறென்ன இருக்கிறது?

"சுப்புராமனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

"நேத்தே காய்ச்சல் விட்டுருச்சு. கஞ்சி குடிச்சாரு. புள்ளயக் கொண்டா, பக்கத்துல போட்டுக்கிட்டுத் தூங்கணும்னு ஒரே பிடிவாதம். அதான், நீங்க ஊதி விட்டதும் கொண்டுபோய்..."

"குடுக்காத!"

அவர் போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அவருக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி, குனிந்து, நெடுநேரம் இருமினார்.

"காய்ச்சல் விட்டா விஷமும் விட்டுருச்சுன்னு நெனக்காத தங்கச்சி. பிரெஞ்சு டாக்டரு சொன்னாரு. இன்னும் ஒரு வாரத்துக்கு மூச்சுல, எச்சில்ல, இருமல்ல எல்லாம் இருக்குமாம். இருமல் நிக்கலன்னா அதுக்கு மேலயும் தள்ளித்தான் இருக்கணும். அவன் தனியாப் படுக்கட்டும். சன்னலத் தொறந்து வை. அவன் குடிச்ச கிண்ணத்த வெந்நீர்ல போட்டு எடு. கையக் கழுவாமப் புள்ளயத் தொடாத. பால் குடுக்குறப்ப நீயும் மூஞ்சில துணியக் கட்டிக்க."

"நான் வைத்தியம் கேக்க வரலண்ணே!"

அதற்குள் உள்ளேயிருந்து மற்றவர்களும் வந்துவிட்டார்கள். தொழுகை நடத்தும் வயதான லெப்பை, குழந்தையின் அழுகையைக் கேட்டு இரக்கப்பட்டு, வாய்க்குள் ஓதியபடியே குனிந்தார்.

பஷீர் அகமது குறுக்கே கையை நீட்டினார். "வேணாம் லெப்பை. நீங்களும் ஊதாதீங்க. இந்தச் சனியன் ஊரவிட்டுப் போற வரைக்கும் யாரும் எந்தப் புள்ளைக்கும் ஊத வேணாம்."

லெப்பை தலையைக் குனிந்துகொண்டு விலகினார்.

தனக்கொடிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. தானும் ஊதமாட்டார், ஊத வந்தவரையும் விடமாட்டார். இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரன் இருப்பானா? பெரிய மனிதராவது, இன்னொன்றாவது!

"உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குல்ல?" என்று கத்தினாள். "அதுக்கு மட்டும் ஊதுனீங்கள்ல? காய்ச்சல் விட்ட அன்னிக்கே எந்திரிச்சு, மக எங்கன்னு கேட்டு, மடியில தூக்கிப் போட்டுக்கிட்டு ஊதுனீங்களாமே! தெருவே சொல்லுது. உங்க புள்ள நல்லாருக்கணும், எம் புள்ள எக்கேடும் கெட்டுப் போகணும், அப்படித்தானே? இல்லன்னு சொல்லுங்க பாப்போம்!"

துண்டுக்கு மேலே பஷீர் அகமதுவின் இரண்டு கண்களும் நிறைந்து வழிந்தன.

"ஊதினேன் தங்கச்சி, ஆச ஆசையா ஊதினேன்" என்றார். "அவள அடக்கம் பண்ணிட்டுத்தான் நாங்க எல்லாரும் இப்ப வந்து தொழுதோம்."