பல்கீசின் வெள்ளாடு

ஐம்பத்தாறாம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள். விடியலின் பால்போன்ற வெளிச்சத்தில், பல்கீசு தன் வெள்ளாட்டைச் சினேகிதி கனகாம்பிகையின் வளவுக்குள் கூட்டி வந்தாள். தாய் செத்த குட்டியாக அதை எடுத்து, துணியில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தவள் அவள்.

"எங்கட ஊட்டுக்காரர் குர்பானுக்கு அறுக்க இதத்தான் குடுக்கப்போறாராம். பெருநாள் முடியுமட்டும் ஒளிச்சு வையுங்கக்கா. காணாமப் போயிட்டெண்டு அவருக்கிட்டச் சொல்றன்."

"ஓம், நீ பயப்படாமப் போ புள்ள."

அன்று முழுவதும் கடலிரைச்சலைக் கேட்டபடி, ஆடு தென்னை நிழலில் கண்மூடிக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருந்த கனகாம்பிகைக்கும் கண்கள் சொருகின.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்த கையோடு பல்கீசின் கணவன் உதுமாலெவ்வை படலையில் நின்றான்.

"எங்கட ஆடு இஞ்ச நிக்குதாக்கா?"

"இல்லியே தம்பி."

சொல்லி முடிக்குமுன் வளவுக்குள்ளிருந்து ஆடு கத்தியது. கனகாம்பிகை சட்டெனத் திரும்பிப் பார்த்தாள். அவனோ சிரித்தபடி உள்ளே போய், கொண்டுவந்த பலாவிலைகளை ஆட்டின் வாயில் வைத்தான்.

"பயப்படாதீங்க. இதுல கத்தி வைக்க எனக்கும் மனம் வரல்ல. முந்தநாளே வரிப்பத்தான்சேனையில வேற ஆடு பேசிட்டன்."

"அத அவளுக்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நேத்துச் சொல்லத்தான் அடுப்படிக்குப் போனன். எங்கட புள்ள மவுத்தாகி அடக்கின நாளையிலிருந்து வாய் திறந்து ஒரு பாட்டுப் படிக்காதவ, என்னை ஏமாத்திட்ட சந்தோஷத்துல படிச்சுப் படிச்சுச் சமைக்கிறா. கேட்டுக்கிட்டே நிண்டுட்டன்."

அவன் ஆட்டின் கழுத்தைத் தடவிவிட்டு எழுந்தான்.

"நான் வந்தத அவவுக்குச் சொல்லிராதீங்கக்கா."