பதினேழாம் எண் கிணறு

காலுக்குக் கீழே ஏதோ முறிந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த தென்னை மட்டையை யாரோ மிதித்தது போலத்தான் கேட்டது. ஆனால் ரிஃபானா நின்றுகொண்டிருந்தது கிணற்றின் மேல்.

கிணத்துக்கடவுக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில், வற்றிப்போன பழைய கிணறு. பத்தடி அகலம், தொண்ணூறு அடி ஆழம். மழைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் திட்டத்தில் இதையும் சேர்த்து, ஓரத்தில் குழாய் பதித்து, மேலே கான்கிரீட் மூடி போட்டிருந்தார்கள். இப்படி நாற்பத்தொரு கிணறுகள்; பட்டியலில் இது பதினேழாம் எண். திட்டம் முடிந்துவிட்டது. சொன்னபடி எல்லாம் நடந்திருக்கிறதா, நடக்கவில்லை என்றால் யார் பொறுப்பு, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று நேரில் பார்த்து எழுதத் திட்ட அலுவலகம் ரிஃபானாவை அனுப்பியிருந்தது.

போட்டோ எடுக்க மூடியின் நடுவுக்குப் போயிருந்தாள்.

குனிந்து பார்த்தாள். இடது செருப்புக்கு அடியிலிருந்து ஒரு விரிசல் கரை வரை ஓடியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் அகலமானது.

தோட்டத்துக்காரர் சின்னாத்தாள் நாலு மரம் தள்ளி மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். கூப்பிட வாய் திறந்தாள். நல்லவேளை, அதற்குள் அவரே நிமிர்ந்து பார்த்தார். ரிஃபானா நின்ற நிலையைப் பார்த்ததும் கையிலிருந்த மட்டைகளைக் கீழே போட்டார்.

"அம்மணி, அப்படியே நில்லுங்க. கால எடுத்துப்போடாதீங்க. ஏணி எடுத்துட்டு வந்தர்றேன்."

ஓடினார். தோப்பில் வேறு யாரும் இல்லை.

விரிசலின் ஓரத்தில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று கழன்று உள்ளே போனது. சத்தத்துக்குக் காத்திருந்தாள். வரவில்லை. எங்கேயோ சிக்கிக்கொண்டது போல என்று நினைத்த பிறகுதான், அடியில் தொப்பென்று கேட்டது.

அந்த ஓட்டையிலிருந்து குளிர்ந்த காற்று கணுக்காலில் பட்டது. தொடை நடுங்கியது. இந்த நடுக்கத்துக்கே மூடி உடைந்துவிடும் என்று தோன்ற, நடுக்கத்தை அடக்கப் பார்த்தாள். கூடத்தான் செய்தது. கையில் இருக்கும் போனைத் தூக்கி எறிந்தால் கொஞ்சம் எடை குறையுமா என்றுகூட யோசித்தாள். அதை எறிவதற்கும் கையை அசைக்க வேண்டும்.

சின்னாத்தாள் மூங்கில் ஏணியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயது, தனி ஆள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை மண்ணைத் தொடும் வரை, மூடியின் மேல் அதை அங்குலம் அங்குலமாகத் தள்ளினார். அதன் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து வரச் சொன்னார். அவசரம் வேண்டாம், கீழே பார்க்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ரிஃபானா முட்டி போட்டு, நெஞ்சை ஏணியில் சாய்த்தாள். அடியில் மூடி முனகியது. மூன்றாவது படியில் துப்பட்டா சிக்கியது. இழுக்கத் தைரியமில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

மணிக்கட்டைப் பிடித்துச் சின்னாத்தாள் அவளைக் கரையில் இழுத்துப் போட்டபோது, மூடியின் பாதி பெயர்ந்து உள்ளே விழுந்தது.

இருவரும் மண்ணிலேயே உட்கார்ந்தார்கள்.

பிறகு ரிஃபானா உடைந்த விளிம்பைப் பார்த்தாள். அரை அடிக்கு ஒரு கம்பி இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. கம்பிக்குப் பதிலாக மூங்கில் சிம்புகளை வைத்துப் பூசியிருந்தார்கள். மக்கிப்போய், தொட்டால் உதிர்ந்தன.

சின்னாத்தாளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. போன வருடம் வேலை முடிந்ததும் சோதிக்க ஒரு கார் வந்ததாம். மழையாம். கண்ணாடியைக்கூட இறக்காமல் திரும்பிப் போய், மூடி நன்றாக இருக்கிறது என்று எழுதி அனுப்பினார்களாம். அதை நம்பித்தான் இத்தனை நாளும் அதன் மேல் கொப்பரை காயப் போட்டாராம்.

ரிஃபானா தலை நிமிரவில்லை.

"இதே ஆளுங்கதானுங்க பக்கத்தூரு அங்கன்வாடியிலயும் மூடி போட்டாங்க. அங்க நல்ல நெழலுங்க. கொழந்தைங்க அதுமேல உக்காந்துதான் சோறு திங்குதுங்க."

மணி பன்னிரண்டு பத்து.

பட்டியலில் அது இருபத்து மூன்றாம் எண். பக்கத்திலேயே அங்கன்வாடி டீச்சர் லோகப்பிரியாவின் நம்பர் இருந்தது. முதல் முறை மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாவது முறை எடுத்தார். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல், தட்டுகளின் சத்தம்.

பிள்ளைகளை உடனே மூடியிலிருந்து இறக்கச் சொன்னாள் ரிஃபானா. ஒவ்வொருவராக, ஓடாமல்.

டீச்சர் நம்பவில்லை. இப்போதுதான் சாப்பாடு போட்டிருக்கிறதாம். மூடி பாறை மாதிரி இருக்கிறதாம். சோதித்துப் பார்த்து எழுதிக் கொடுத்த சான்றிதழ் சுவரிலேயே மாட்டியிருக்கிறதாம். அதில் இல்லாததை எங்கிருந்தோ கூப்பிட்டுச் சொல்ல நீங்கள் யார் என்று கேட்டார்.

திட்ட அலுவலகம் என்று சொல்லியிருக்கலாம். அது போதாமல் போனால்?

கிணற்றின் மேல் நின்றபோதுகூட ரிஃபானா இப்படிப் பயந்திருக்கவில்லை.

"அந்தச் சர்டிபிகேட்டுல கீழ ரிஃபானான்னு கையெழுத்து இருக்கும் பாருங்க. அது நான்தானுங்க. அன்னைக்கு மழையின்னு நான் கார உட்டு எறங்கவே இல்லீங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னாத்தாள் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

போனில், டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது.