நேர்மைக்கு விழுந்த அடி

“சொல்லுடா! இன்ஜின் போயிடுச்சுன்னு உன் வாயால சொல்லு!”

நெட்டையன் ஓங்கிய ஸ்பேனர் மெக்கானிக்கின் முதுகில் இறங்கியது. அவர் பழைய டயர்க் குவியல்மேல் குப்புற விழுந்தார். மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தம் சட்டையை நனைத்தது.

ஒர்க்‌ஷாப் வாசலில், கயிறு கட்டி இழுத்து வந்த டாக்ஸிக்குள் உட்கார்ந்து அதன் சொந்தக்காரர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் பங்கில் யாரோ கொடுத்த நம்பர். “வாங்க சார், காத்திருக்கேன்” என்று காலையில்தான் போனில் மரியாதையாகப் பேசியிருந்தார் மெக்கானிக். வந்த இடத்தில் இப்படி ஒரு வரவேற்பு.

முன்னால் வேனை ஓட்டிவந்த மச்சான் இறங்கி ஓடிவந்தான்.

“மாமா, இந்த இடம் சரியில்ல. கயித்தை அவுக்கவே வேணாம், அப்படியே திரும்பிடலாம்.”

“திரும்பி எங்கடா போறது?”

அதுவும் நியாயம்தான். அவர் ஏறி இறங்காத ஒர்க்‌ஷாப் இல்லை. டாக்ஸி நடுரோட்டில் புகைவிட்டு நின்றதிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவதே மனைவியின் தையல் மெஷின் புண்ணியத்தில்தான். ஒருத்தன் பிஸ்டன் என்றான். இன்னொருத்தன் வண்டியையே காயலான் கடையில் போடச் சொன்னான்.

வீட்டுப் பக்கத்துத் தெருமுனை மெக்கானிக் மட்டும், கேஸ்கெட் மாற்றினால் போதும், சின்னச் செலவுதான் என்றார். இவ்வளவு கம்மியாகச் சொல்கிறாரே, இதில் ஏதோ வில்லங்கம் என்று அவரையும் நம்பவில்லை. கையிலிருந்த காசு ஒரே ஒரு ரிப்பேருக்குத்தான் தாங்கும். அதில் ஏமாந்தால் டாக்ஸியும் போச்சு, பிழைப்பும் போச்சு.

உள்ளே மெக்கானிக் தட்டுத்தடுமாறி எழுந்தார்.

“கொன்னாலும் சொல்ல மாட்டேன். நேத்து வந்த அந்த வண்டிக்கு கேஸ்கெட் மாத்தினா போதும். நல்ல இன்ஜினை மாத்தச் சொல்லி அடுத்தவன் வயித்துல அடிக்க என்னால முடியாது.”

“உன்னால எங்க முதலாளி கடையில ஒரு இன்ஜின்கூட விக்கல. பெரிய யோக்கியன் இவரு!” நெட்டையனோடு வந்திருந்த மீசைக்காரன் அவர் வயிற்றிலேயே உதைத்தான்.

நெட்டையன் கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் அதற்குரிய ஆணியில் மாட்டிவிட்டு, இன்னும் பெரிதாக ஒன்றை எடுத்தான்.

டாக்ஸிக்காரருக்குத் தலைக்கு ஏறியது கோபம். ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடிய ஒரு நேர்மையான மனுஷன் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறான்! சீட்டுக்கு அடியிலிருந்த ஜாக்கி ராடை உருவிக்கொண்டு இறங்கினார். தடுக்கப் போன மச்சானுக்கு அவருடைய சட்டைப்பை கிழிந்து கையோடு வந்ததுதான் மிச்சம்.

முதல் அடி நெட்டையனின் முழங்கைக்குக் கீழே விழுந்தது. எலும்பு ஒடிகிற சத்தம் வாசல்வரை கேட்டது. கை மறுபக்கம் திரும்பித் தொங்கியது.

“ஐயோ... வேணாம்யா! நிறுத்துய்யா!”

ரவுடி கெஞ்சக் கெஞ்ச அவருக்கு வெறி கூடியது. பிஸ்டன் என்றவன், காயலான் கடை என்றவன், ஆயுளில் அவரை ஏமாற்றிய அத்தனை பேருக்கும் சேர்த்து அந்த ஒரு முதுகில் போட்டார். குறுக்கே வந்த மீசைக்காரனுக்கு வாயிலேயே ஒன்று விழுந்தது. அவன் பல்லைத் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

“போதும் சார், விட்டுடுங்க! செத்துடப் போறான்!”

மெக்கானிக்தான் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அந்த இடைவெளியில் நெட்டையனும் விழுந்து எழுந்து ஓடிப்போனான். அடித்தவனுக்கே இரங்குகிற மனசா என்று டாக்ஸிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

மெக்கானிக் மூக்கைத் துடைத்துக்கொண்டு பானட்டைத் திறந்தார். ஆயில் குச்சியை உருவி, விரலில் தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

“சார், உங்ககிட்ட மறைக்க மனசு வரல. மத்த வண்டின்னா கேஸ்கெட்டோட போயிருக்கும். உங்களுக்கு இன்ஜின் நெஜமாவே போயிடுச்சு. மாத்தித்தான் ஆகணும்.”

மச்சான் அவர் காதோரம் குனிந்தான். “மாமா, எதுக்கும் இன்னொரு ஆள்கிட்ட காட்டிட்டு...”

“வாயை மூடு. பொய் சொல்லாம இருக்க உயிரையே குடுக்கத் துணிஞ்ச மனுஷன்டா அவரு. அவரைப் போயி சந்தேகப்படச் சொல்றியா?”

இன்ஜின் போச்சென்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார். ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே நிற்கிற ஆசாமி, இன்றைக்கு என்ன செலவாகும் என்றுகூடக் கேட்கவில்லை. முன்பணத்தையும் சாவியையும் மெக்கானிக்கின் உள்ளங்கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் மூடினார்.

“உங்க இஷ்டப்படி பண்ணுங்க. நீங்க சொன்னா சரிதாங்க.”

வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது. மெக்கானிக் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

பின்பக்கக் கதவு படாரென்று திறந்தது. நெட்டையன். ஒடிந்த கையை மறு கையால் ஏந்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நேராக மெக்கானிக்கை நோக்கி வந்தான். மெக்கானிக் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றார்.

“அண்ணே, அடுத்த கஸ்டமர் வரும்போது நீங்க அடிங்க, நான் அடி வாங்கிக்கிறேன்.”