சாத்தாத ஜன்னல்

பத்திர நகல் கொடுக்கும் ஆவண அறையின் மர ஜன்னலுக்கு ஒரே பெருமைதான். பதினெட்டு வருஷத்தில் அலுவலக நேரத்தில் ஒரு நாள்கூட அது சாத்திக்கொண்டதில்லை.

"வாரத்துக்கு ஒரு மணி நேரம் சாத்திக்கோ தம்பி. என் கட்டுகளைப் பிரிச்சுப் பார்ப்பாங்க. உள்ளே என்னமோ குறுகுறுங்குது" என்று அலமாரி கெஞ்சும்.

"வெளியே வரிசையைப் பார்த்தியாக்கா? மேல் கட்டு நல்லாத்தானே இருக்கு. சந்தேகப்படுறதே உனக்கு வேலையாப்போச்சு."

தன் வீட்டை இடிக்க வண்டி வந்துவிட்டது என்று பத்திர நகல் கேட்டு ஓடிவந்தாள் செங்கமலம். குமாஸ்தா அடிக் கட்டை இழுத்தார். அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே வெறும் கறையான் மண்.

ஜன்னல் செங்கமலத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல், அலுவலக நேரத்தில் முதல்முறையாகத் தன்னைச் சாத்திக்கொள்ளப் பார்த்தது.

அதன் கதவும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.