பெட்டியா, லேப்டாப்பா

கண்ணைக் கட்டியிருந்த துண்டை அவனே இன்னொரு முறை இறுக்கிக்கொண்டான். பின்னால் யாரும் பித்தலாட்டம் என்று வாயைத் திறக்கக் கூடாது.

ஆரம்பிக்கலாம் என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

அவனுக்குப் பின்னால் மனைவி நின்றிருந்தாள். அவள் முன்னால் மேசையில் ஒரு பக்கம் பழைய வோகோடர், இன்னொரு பக்கம் லேப்டாப். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். மனிதர் பேசுவதை வாங்கி, கீபோர்டின் ஒலியில் பேச வைப்பது. அதாவது ரோபோ குரல்.

பழையது இரும்புப் பெட்டி. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். சுவிட்சைப் போட்டதும் பேசிவிடாது. சூடேறும் வரை முக்கி முனகும். புதியது லேப்டாப்புக்குள் ஒரு சின்னப் படம், தட்டினால் பேசும். அதனாலேயே அவனுக்கு அதைப் பிடிக்காது.

சிறுவர் தொடர் ஒன்றில் வரும் ரோபோவுக்கு இந்த அறையில்தான் குரல் தயாராகிறது. பேசுவது மனைவி. அதைப் பெட்டிக்குள் விட்டு மெருகேற்றுவது அவன். வீட்டில் அடுப்பு எரிவது அந்த ரோபோவின் புண்ணியத்தில்தான்.

இந்த வாரம் தொடரின் இயக்குநர் குரல் பதிவை மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார். காதைக் குடைகிறதாம். அந்த ஓட்டைப் பெட்டியைத் தலைமுழுகிவிட்டு லேப்டாப்பில் செய்யுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

காரில் போகும்போது செல்போனில் கேட்கிற ஆளுக்கு என்ன தெரியும் என்று இவன் வீட்டுக்குள் குதித்தான்.

சோதனை வைக்கலாம் என்றவள் மனைவிதான். ஒரு தடவை தவறினாலும் பெட்டி வெளியே போக வேண்டும். தவறாமல் சொல்லிவிட்டால் இயக்குநரோடு அவன் எவ்வளவு வேண்டுமானாலும் மல்லுக்கட்டலாம், அவள் குறுக்கே வரமாட்டாள். வாயால் சொல்ல வேண்டாம், பெட்டி என்றால் வலது கை, லேப்டாப் என்றால் இடது கை, தூக்கிக் காட்டினால் போதும் என்றாள்.

முன்பே பதிந்து வைத்திருந்த மனைவியின் குரல் ஸ்பீக்கரில் ரோபோவாகப் பேசியது. "சிஸ்டம் ஸ்டார்ட். டெஸ்ட் சக்சஸ்."

வாக்கியம் முடிவதற்குள் அவன் இடது கை மேலே போனது.

அடுத்தது பெட்டி. அதற்கடுத்ததும் பெட்டியேதான். அவனைக் குழப்பப் பார்க்கிறாளாம். மனதுக்குள் சிரித்தபடி வலது கையை அப்படியே வைத்திருந்தான்.

எப்படித் தவறும்? சூட்சுமம் முழுக்க அந்த 'ஸ்'ஸில் இருக்கிறது. 'ஸ்' என்பது குரலே இல்லை, பல்லிடுக்கில் போகிற வெறும் காற்று. லேப்டாப் அந்தக் காற்றை முழுங்கி ஏப்பம் விட்டுவிடுகிறது. பெட்டியில் அதற்கென்றே தனியாக ஒரு குமிழ் உண்டு. போன வருஷம் வரை அது பாதியில்தான் இருந்தது. பெட்டிக்கு வயசாகிறது, ஈடுகட்ட வேண்டாமா என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இப்போது கடைசி வரை திருப்பி வைத்திருக்கிறான். பெட்டி பேசினால் 'ஸ்' பளிச்சென்று இருக்கும். லேப்டாப் பேசினால் இருக்கவே இருக்காது.

அவள் மாற்றி மாற்றிப் போட்டாள். ஒன்றுகூடத் தவறவில்லை. இயக்குநரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டான்.

ஒலி நின்றது. துண்டை அவிழ்த்து எறிந்தான்.

"பாத்தியா? ஒண்ணாவது தப்பா சொன்னேனா?"

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியின் வயரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏய், உன்னைத்தான். காது கேக்கலையா உனக்கு?"

எழுந்துபோய்த் தோளைத் தொட்டான். அவள் திரும்பினாள். ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். பிறகு இன்னொரு காதிலிருந்தும் எடுத்தாள்.

"பெட்டி ஓடுறப்ப இது இல்லாம இங்க நிக்க முடியலைங்க. ஊசியால குத்துற மாதிரி இருக்கு. ரொம்ப மாசமாவே இப்படித்தான்" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பெட்டி நல்லாத்தான் இருக்கு."

பஞ்சுருண்டை இரண்டும் அவள் உள்ளங்கையில் கிடந்தன. அவளை ஊசியாய்க் குத்திய அந்த 'ஸ்' அவனுக்கு வெறும் பளிச்சென்றுதான் கேட்டிருந்தது. காதை வைத்துப் பிழைக்கிறவன் அவன். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். உருவிய வயரை மறுபடி சொருகினான்.

அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பெட்டிக்கு எதிரே, தன் கண்ணுக்கு நேராக நிறுத்தினான். பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டான். ரோபோவைப் பேச விட்டான்.

அவள் கண்ணை இறுக்கிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியில் ஒலி அளவு காட்டும் முள்ளை அவன் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடியே குமிழை இறக்கினான். சுளிப்பு போகவில்லை. இன்னும் இறக்கினான். புருவம் இறங்கியது. இன்னும் கொஞ்சம். கண்ணைத் திறந்து சாதாரணமாக மூச்சு விட்டாள்.

அந்த இடத்தில் குமிழுக்குப் பக்கத்தில் பென்சிலால் அழுத்தி ஒரு கோடு போட்டான்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட என் காதைக் காட்டிட்டு வந்துடலாம். இன்னிக்கு இதை முடிச்சு அனுப்பியே ஆகணும். நீ இப்படியே நில்லு."

ரோபோ முதலிலிருந்து பேசியது. அதில் ஒரு 'ஸ்'கூட அவனுக்குக் கேட்கவில்லை.

அவள் தலையசைத்தாள். அவன் பதிவுப் பொத்தானை அழுத்தினான்.